யார்க் நகரில் முதல் ஊழியரை எடுக்கப் போகிறவர்களுக்கு: எந்தக் காகிதம் எப்போது, எதற்கு எவ்வளவு

யார்க்கின் பழைய நகர மதிலுக்குள் ஒரு காபிக் கடை, நினைவுப் பொருள் கடை, ஏழெட்டு அறை கொண்ட விருந்தினர் இல்லம் என்று தொடங்குபவர்கள் வாடகை, உரிமம், அடுப்பு, பெயர்ப் பலகை எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் திட்டம் போடுவார்கள். ஆள் எடுப்பதை மட்டும் கடை திறக்க ஒரு வாரம் இருக்கும்போது யோசிப்பார்கள். அங்கேதான் சிக்கல். இங்கிலாந்தில் ஊழியர் சம்பந்தமான வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. சில, முதல் ஷிஃப்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சில, முதல் சம்பள நாளுக்கு முன். சிலவற்றுக்கு ஐந்து மாதம் வரை கெடு. முதல் வகையில் தவறினால், மறுநாளே சரிசெய்தாலும் பயனில்லை.

இங்கே தந்திருக்கும் தொகைகள் 2026 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளவை. சம்பள விகிதங்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், ஆகவே மார்ச் மாதமே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் இங்கிலாந்து முழுமைக்கும் ஒன்றுதான். ஆனால் இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள், சுற்றுலா சீசன், பழங்காலக் கட்டடங்கள், அடிக்கடி கரை தாண்டும் ஊஸ் ஆறு ஆகியவற்றால் யார்க்கில் சில பொறிகள் கூடுதலாகவே இருக்கின்றன.

1. ஓடுகிற கடையை வாங்குகிறீர்களா? முதலில் ஊழியர் பட்டியலைக் கேளுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் இதைத் தாண்டி 2-க்குப் போகலாம்.

நகர மையத்தில் காலி இடம் கிடைப்பது அரிது என்பதால் பலரும் ஏற்கெனவே நடக்கும் கடையைத்தான் வாங்குகிறார்கள். அப்படி வாங்கும்போது அங்கே வேலை பார்ப்பவர்களும் சேர்ந்தே உங்களிடம் வருவார்கள். இதற்கான சட்டத்தை எல்லோரும் 'டூபே' என்பார்கள். அவர்களுடைய பழைய சம்பளம், பணிக்காலம், எடுக்காத விடுப்பு, நிலுவைச் சம்பளம், நடந்துகொண்டிருக்கும் வழக்கு எல்லாம் உங்கள் தலையில்தான். "புது முதலாளி, புது ஒப்பந்தம்" என்று கையெழுத்து வாங்கினாலும், கைமாற்றத்தைக் காரணமாக வைத்து நிபந்தனைகளைக் குறைத்திருந்தால் அது பொதுவாகச் செல்லாது. கைமாற்றத்தையே காரணமாக்கி ஒருவரை நீக்கினால் அது நேரடியாக முறையற்ற பணிநீக்கம்.

விற்பவர் ஊழியர் விவரங்களைக் கைமாறும் நாளுக்குக் குறைந்தது 28 நாள் முன்பு உங்களிடம் எழுத்தில் தர வேண்டும். பெயர், வயது, ஒப்பந்த விவரம், கடந்த இரண்டு ஆண்டுகளின் ஒழுங்கு நடவடிக்கைகள், புகார்கள், வழக்குகள் அதில் இருக்க வேண்டும். வழக்கறிஞரிடம் கடை ஒப்பந்தம் எழுதும்போதே, பழைய நிலுவை எதுவும் வெளிப்பட்டால் விற்பவர் ஈடுகட்ட வேண்டும் என்ற வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஊழியர்களுக்கு முறையாகத் தகவல் சொல்லிக் கலந்து பேசாவிட்டால் ஆளுக்கு 13 வாரச் சம்பளம் வரை இழப்பீடு கட்ட நேரும். வந்து சேரும் ஊழியர்களின் வேலை உரிமையை (இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பதை) சோதிக்க உங்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. விற்பவர் எடுத்து வைத்த பழைய நகலை அப்படியே நம்ப வேண்டாம். அதில் பிழை இருந்தால் அபராதம் உங்களுக்குத்தான்.

ஒரு லிமிடெட் கம்பெனியின் பங்குகளை வாங்கினால் இந்தச் சட்டம் வராது. முதலாளி அதே கம்பெனிதான், உரிமையாளர் மட்டுமே மாறுகிறார்.

2. ஒரு ஆளுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்

குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு: 21 வயதும் அதற்கு மேலும் 12.71 பவுண்டு. 18 முதல் 20 வரை 10.85. 18-க்குக் கீழும், 19 வயதாகாத அல்லது முதல் ஆண்டிலுள்ள தொழில் பழகுநருக்கும் 8.00.

வாரம் 20 மணி நேரம் வேலை செய்யும் 22 வயதுக்காரர் ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 254.20, ஆண்டுக்கு 13,218.40 பவுண்டு. இதற்கு மேல் முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தின் மீது அரசுக்குக் கட்டும் சமூகப் பாதுகாப்புத் தொகை), ஆண்டுக்கு 5,000 பவுண்டைத் தாண்டிய தொகையில் 15 சதவீதம். அதாவது 1,232.76. அவர் பென்ஷனில் சேர்க்கப்பட வேண்டியவர் என்றால் முதலாளி பங்கு, 6,240 பவுண்டுக்கு மேலுள்ள தொகையில் 3 சதவீதம். அது 209.35. ஆக மொத்தம் 14,660.51 பவுண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. சட்டப்படி ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. அதனால் அவர் கடையில் நிற்பது 46.4 வாரம், 928 மணி நேரம் மட்டுமே. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 15.80 பவுண்டு. உங்கள் விலைப் பட்டியலில் வைக்க வேண்டிய எண் இதுதான், 12.71 அல்ல.

இந்தச் சுமையைக் குறைக்க 'எம்ப்ளாய்மெண்ட் அலவன்ஸ்' என்ற சலுகை உண்டு. ஆண்டுக்கு 10,500 பவுண்டு வரை நேஷனல் இன்சூரன்ஸ் தள்ளுபடி. சின்னக் கடைகளுக்குப் பெரும்பாலும் முழுத் தொகையுமே மிச்சமாகிவிடும், அப்போது மேலே சொன்ன மணிக்கணக்கு 14.47-க்கு இறங்கும். ஆனால் இது தானாக வராது. பேரோல் (சம்பளக் கணக்கு) மென்பொருளில் நீங்கள்தான் கோர வேண்டும். கம்பெனியில் இயக்குநர் ஒருவருக்கு மட்டுமே 5,000-க்கு மேல் சம்பளம் போகிறது என்றால் கிடைக்காது. 21 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு, ஆண்டுச் சம்பளம் 50,270 வரை, முதலாளியின் நேஷனல் இன்சூரன்ஸே இல்லை.

3. எச்.எம்.ஆர்.சி. பதிவும் காப்பீடும்

முதலாளியாகப் பதிவதை எச்.எம்.ஆர்.சி. (வரித் துறை) இணையதளத்தில் இலவசமாகச் செய்யலாம். முதல் சம்பள நாளுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் முன்கூட்டியும் பதிய முடியாது. எண் வந்து சேரச் சில வாரம் பிடிக்கலாம், அதனால் சம்பள நாளுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

வருவது ஒரு எண் அல்ல, இரண்டு. ஒன்று பி.ஏ.ஒய்.இ. (சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை) எண், சம்பளக் கணக்கை அனுப்ப. மற்றொன்று அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் எண், வரிப் பணம் கட்ட. பணத்தை முதல் எண்ணில் அனுப்பிவிட்டு, "கட்டியாயிற்றே, ஏன் நோட்டீஸ் வருகிறது" என்று குழம்புவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. கடிதங்கள் கம்பெனியின் பதிவு முகவரிக்குத்தான் போகும். அது கணக்காளரின் அலுவலகம் என்றால் அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

முதலாளி பொறுப்புக் காப்பீடு (வேலையால் ஊழியருக்குக் காயமோ நோயோ வந்தால் ஈடுகட்டுவது) குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு இருக்க வேண்டும். முதல் ஆள் வேலைக்கு வரும் நாளிலேயே அமலில் இருக்க வேண்டும். இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம். சான்றிதழை ஊழியர்கள் பார்க்கும்படி வைக்காவிட்டால் தனியாக 1,000 பவுண்டு வரை. கடைக் காப்பீட்டோடு சேர்த்து வாங்கினால் மலிவு, ஆனால் பொதுமக்கள் பொறுப்புக் காப்பீடு வேறு, இது வேறு. பாலிசியில் இரண்டு வரியும் தனித்தனியாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

"வீட்டு ஆட்கள்தானே, காப்பீடு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு: நெருங்கிய குடும்பத்தினர் மட்டும் வேலை செய்தால் விலக்கு உண்டு என்பது உண்மை. கடை லிமிடெட் கம்பெனியாக இருந்தால் அந்த விலக்குக் கிடையாது.

4. வேலை உரிமைச் சோதனை: முதல் ஷிஃப்டுக்கு முன், எல்லோருக்கும்

அபராதம் மிகப் பெரியது இங்கேதான். வேலை உரிமை இல்லாத ஒருவரை வைத்திருந்தால் முதல் முறை ஆளுக்கு 45,000 பவுண்டு வரை, மறுமுறை 60,000 வரை. ஒழுங்காகச் சோதித்து நகல் வைத்திருந்தால், பின்னால் அவர் ஏமாற்றியது தெரிந்தாலும் நீங்கள் தப்பிக்கலாம். வேலைக்குச் சேர்ந்த பிறகு செய்த சோதனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களிடம் பாஸ்போர்ட் கேளுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் காலாவதியாகி இருந்தாலும் செல்லும். பாஸ்போர்ட்டே இல்லாதவர் இங்கு பிறந்த சான்றிதழையும், நேஷனல் இன்சூரன்ஸ் எண் அச்சிட்ட அரசுக் கடிதத்தையும் சேர்த்துக் காட்டலாம். வெறும் நேஷனல் இன்சூரன்ஸ் எண், ஓட்டுநர் உரிமம் இரண்டும் ஆதாரமல்ல. அசலைக் கையில் வாங்கிப் பார்த்து, நகலெடுத்து, சோதித்த தேதியை அதில் எழுதி வையுங்கள்.

மற்ற நாட்டவரிடம் கேட்க வேண்டியது ஷேர் கோட், அதாவது தன் வேலை உரிமையைக் காட்ட அவர் அரசு இணையதளத்தில் எடுத்துத் தரும் குறியீடு. ஒன்பது எழுத்து கொண்டது, வேலைக்கான கோட் 'டபிள்யூ'வில் தொடங்கும், 90 நாள் செல்லும். அதையும் பிறந்த தேதியையும் அரசு இணையதளத்தின் முதலாளிகளுக்கான பக்கத்தில் நீங்களே உள்ளிட வேண்டும். விண்ணப்பதாரர் தன் போனில் காட்டும் திரையைப் படம் பிடித்து வைப்பது சோதனையே ஆகாது. முடிவுப் பக்கத்தில் வரும் புகைப்படமும் எதிரே நிற்கும் முகமும் ஒன்றா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள். ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் 2021 ஜூலை முதல் தனியாகச் செல்லாது, அவர்களுக்கும் ஷேர் கோட்தான். பழைய பிளாஸ்டிக் பி.ஆர்.பி. (குடியிருப்பு அனுமதி) அட்டையின் காலமும் முடிந்துவிட்டது, இப்போது எல்லாம் இ-விசா. நகல்களை வேலை முடிந்து இரண்டு ஆண்டு வரை வைத்திருக்க வேண்டும்.

பெயரையோ நிறத்தையோ பார்த்துச் சிலரிடம் மட்டும் கேட்டால் அது பாகுபாடு. யார்க்ஷயரில் ஏழு தலைமுறையாக இருப்பவரிடமும் கேளுங்கள்.

*மாணவர்கள்.* யார்க் பல்கலைக்கழகம், யார்க் செயின்ட் ஜான் இரண்டிலிருந்தும் வேலை தேடி வருபவர்கள் ஏராளம். நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். இந்தக் கணக்கில் பலரும் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை; சராசரி போட முடியாது, இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16 என்பது மீறல். அடுத்து, அந்த 20 எல்லா வேலைகளுக்கும் சேர்த்து. உங்களிடம் 15 செய்பவர் வேறெங்காவது 8 செய்தால் மீறல், ஆகவே மற்ற வேலைகளைப் பற்றி எழுதி வாங்குங்கள். கடைசியாக, முதுகலை மாணவருக்குக் கோடை விடுமுறை இல்லை. இளங்கலை மாணவர் ஊருக்குப் போகும் ஜூலை, ஆகஸ்டில் இவர் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பார், அதுவும் படிப்புக் காலம்தான். ஆகஸ்டில் குதிரைப் பந்தயக் கூட்டம் நிரம்பும்போது 40 மணி நேரம் போட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகம் தந்த படிப்புக் காலத் தேதிகளின் நகல் உங்கள் கோப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். யார்க் பல்கலைக்கழகம் 2023 முதல் செமஸ்டர் முறைக்கு மாறிவிட்டது; பழைய மூன்று பருவக் கணக்கை வைத்து ரோட்டா (ஷிஃப்ட் அட்டவணை) போடாதீர்கள்.

ஊரிலிருந்து சமையல்காரரை ஸ்பான்சர் செய்து கூட்டி வரலாம் என்ற திட்டம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். 2025 ஜூலை 22 முதல் திறன் பணியாளர் விசாவுக்குப் பட்டப்படிப்புத் தரத்திலுள்ள வேலைகள்தான் பொதுவாகத் தகுதி பெறும். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் சமையல்காரருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

சனிக்கிழமை வேலைக்குப் பள்ளிப் பிள்ளைகளை எடுத்தால், கட்டாயப் பள்ளி வயது முடியும் வரை நகராட்சியிடம் அனுமதிச் சீட்டுத் தேவை. பள்ளி நாட்களில் இரண்டு மணி நேரம், பள்ளி நடக்கும் வாரங்களில் மொத்தம் 12 மணி நேரம், காலை 7-க்கு முன்பும் இரவு 7-க்குப் பின்பும் கூடாது.

5. முதல் நாளே கையில் கொடுக்க வேண்டிய காகிதம்

சம்பளம், வேலை நேரம், நாட்கள், இடம், விடுப்பு, நோய் விடுப்பு, ப்ரொபேஷன் (தகுதிகாண் காலம்), நோட்டீஸ் காலம் ஆகியவை அடங்கிய எழுத்துப்பூர்வ விவரம் முதல் நாளோ அதற்கு முன்போ ஊழியர் கையில் இருக்க வேண்டும். ஏக்காஸ் என்ற அரசு சார்ந்த அமைப்பு இதற்கான மாதிரியை இலவசமாகத் தருகிறது. அதையே எடுத்து நிரப்பலாம். ஆனால் எந்த மாதிரியும் உங்கள் கடைக்கு அளவெடுத்துத் தைத்ததல்ல. யார்க்கில் கடை வைப்பவர் தானாகச் சேர்க்க வேண்டிய சில வரிகள் உண்டு.

*வேலை நிறுத்திவைப்பு.* ஊஸ் ஆறு பெருகிக் கிங்ஸ் ஸ்டெய்த் என்ற ஆற்றங்கரைப் பக்கம் தண்ணீர் ஏறினால் கடையைச் சில நாள் மூட வேண்டிவரும். ஒப்பந்தத்தில் தற்காலிக வேலை நிறுத்திவைப்பு (வேலை இல்லாத நாட்களில் முழுச் சம்பளம் இல்லாமல் ஊழியரை வீட்டில் இருக்கச் சொல்வது) பற்றி வரி இல்லாவிட்டால், ஒப்பந்தத்தில் சொன்ன மணி நேரத்துக்கு முழுச் சம்பளம் தந்தே ஆக வேண்டும். தண்ணீர் வந்த பிறகு இந்த வரியைச் சேர்க்க முடியாது. ஆற்றோரக் கடைக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

*விடுப்பு ஆண்டு.* எல்லோரும் யோசிக்காமல் ஜனவரி முதல் டிசம்பர் என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் மிச்சமுள்ள விடுப்பெல்லாம் நவம்பர், டிசம்பரில், அதாவது கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் வாரங்களில் வந்து விழும். ஏப்ரல் முதல் மார்ச் என்று வையுங்கள், மிச்ச விடுப்பு ஜனவரியில் கழியும். ஜனவரி இங்கே மந்தமான மாதம், பிப்ரவரி பள்ளி விடுமுறையில் வைக்கிங் திருவிழாவோடு கூட்டம் திரும்பும். நீங்களாகவே இன்ன நாளில் விடுப்பு எடுங்கள் என்று சொல்லவும் சட்டம் இடம் தருகிறது, விடுப்பு நாட்களைப் போல இரு மடங்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். ஐந்து நாள் விடுப்புக்குப் பத்து நாள்.

*நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்கள்.* சீசன் ஆட்களுக்கும் ஒழுங்கற்ற ஷிஃப்ட் ஆட்களுக்கும் விடுப்பு, வேலை செய்த நேரத்தில் 12.07 சதவீதம் என்று சேரும். அதைப் பணமாகவே ஒவ்வொரு சம்பளத்தோடும் தரலாம், ஆனால் சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்ட வேண்டும். நிலையான நேரம் வேலை செய்பவருக்கு இப்படிச் செய்யக் கூடாது.

*ஞாயிறு.* கடை ஊழியர் மூன்று மாத நோட்டீஸ் தந்து ஞாயிறு வேலையிலிருந்து மட்டும் விலகலாம். அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் அந்த உரிமையை நீங்கள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் அவர் ஒரே மாத நோட்டீஸில் விலகலாம். உணவகங்களுக்கு இது பொருந்தாது.

6. ரோட்டா போடும்போது வரும் சம்பளப் பொறிகள்

குறைந்தபட்ச ஊதியம் தராமல் மாட்டுபவர்களில் பெரும்பாலோர் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல, கணக்கைக் கவனிக்காதவர்கள். கடை பூட்டிய பிறகு தரை துடைக்கும் 15 நிமிடமும் வேலை நேரம்தான். பயிற்சி நேரமும் அப்படித்தான். "கறுப்புப் பேன்ட், கறுப்பு ஷூ வாங்கி வாருங்கள்" என்று சொன்னால் அந்தச் செலவு சம்பளத்திலிருந்து கழித்ததாகவே கருதப்படும், 12.71 மட்டும் தருபவர் அதிலேயே சட்டத்தை மீறிவிட்டார். ஒருவர் 21-ஐத் தொட்டால், அந்தப் பிறந்தநாளுக்குப் பின் தொடங்கும் சம்பளக் காலத்திலிருந்து புது விகிதம். எல்லோருடைய பிறந்த தேதியையும் ரோட்டா ஏட்டிலேயே குறித்து வையுங்கள். மீறலுக்கு அபராதம், தராமல் விட்ட தொகையைப் போல இரு மடங்கு. ஒரு ஊழியருக்கு அதிகபட்சம் 20,000 பவுண்டு. வேலை நேரக் கணக்கை ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

டிப்ஸ் முழுவதும் ஊழியருக்கே. 2024 அக்டோபர் 1 முதல் இது சட்டம். சேவைக் கட்டணம் என்று பில்லில் போடுவதும் இதில் அடக்கம். கார்டு இயந்திரக் கட்டணத்தைக்கூடக் கழிக்கக் கூடாது. வந்த மாதத்துக்கு அடுத்த மாத இறுதிக்குள் பிரித்துக் கொடுக்க வேண்டும், எப்படிப் பிரிக்கிறோம் என்பதை எழுதி வைக்க வேண்டும், கணக்கை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியத்தில் சேர்த்துக் காட்ட முடியாது. நீங்களே பிரித்துச் சம்பளத்தோடு தந்தால் அதற்கும் நேஷனல் இன்சூரன்ஸ் வரும். ஊழியர்களில் ஒருவர் தனிப் பொறுப்பாளராக இருந்து பிரிக்கும் 'ட்ரான்க்' முறையில் வராது, ஆனால் அதில் நீங்கள் தலையிடக் கூடாது.

ஆறு மணி நேரத்தைத் தாண்டும் ஷிஃப்டில் 20 நிமிட இடைவேளை. இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் 11 மணி நேரம். இரவு 11-க்குக் கடை மூடுபவரைக் காலை 8-க்குத் திறக்கச் சொல்வது யார்க் உணவகங்களில் சகஜமாக நடக்கும் மீறல். மதிலுக்குள் கார் நிறுத்தக் கட்டணம் கட்டுப்படியாகாமல் பல ஊழியர்கள் பார்க் அண்ட் ரைட் (ஊருக்கு வெளியே காரை விட்டுவிட்டு ஏறும்) பேருந்தில் வருவார்கள். கடைசிப் பேருந்து நேரத்தைப் பார்த்து ஷிஃப்டை முடித்தால் ஆள் நிற்பார்.

7. முதல் சம்பள நாள்

புதியவரிடம் பழைய வேலையின் பி45 (விலகும்போது பழைய முதலாளி தரும் சம்பள, வரி விவரச் சீட்டு) வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். இரண்டும் வராவிட்டால் வரிச் சலுகை ஏதும் இல்லாமல் முழுச் சம்பளத்திலும் வரி பிடிக்க வேண்டிவரும், முதல் மாதமே மனக்கசப்பு. சம்பளக் கணக்கைச் சம்பள நாளன்றோ அதற்கு முன்போ எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்ப வேண்டும், மறுநாள் அல்ல. பிடித்த வரியை அடுத்த மாதம் 22-க்குள் இணையம் வழியாகக் கட்ட வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் எச்.எம்.ஆர்.சி.யின் இலவச மென்பொருளே போதும், ஆனால் அது பென்ஷன் வேலைகளைச் செய்து தராது. மணிக்கணக்கில் சம்பளம் என்றால் எத்தனை மணி நேரம் என்பது சம்பளச் சீட்டில் இருக்க வேண்டும்.

8. பென்ஷன்: யாரும் சேராவிட்டாலும் அறிவிக்க வேண்டும்

22 வயது முதல் அரசுப் பென்ஷன் வயது வரை, ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் ஈட்டுபவரைத் தானாகவே பென்ஷனில் சேர்க்க வேண்டும். மொத்தம் 8 சதவீதம், அதில் உங்கள் பங்கு குறைந்தது 3. கடமை தொடங்குவது முதல் ஆள் வேலைக்கு வரும் நாளில். ஆறு வாரத்துக்குள் ஊழியருக்குக் கடிதம், ஐந்து மாதத்துக்குள் பென்ஷன் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிவிப்பு. மூன்று மாதம் வரை சேர்ப்பதைத் தள்ளிப்போடலாம். சீசன் ஆட்கள் பலர் அதற்குள் போய்விடுவார்கள். தள்ளிப்போட்டாலும் அந்த ஐந்து மாதக் கெடு தள்ளிப்போகாது. எல்லோரும் பகுதி நேர மாணவர்கள், யாருமே தகுதி பெறவில்லை என்றாலும் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அனுப்பாமல் விட்டு, நினைவூட்டலையும் கவனிக்காவிட்டால் 400 பவுண்டு அபராதம், அதன்பின் நாள் கணக்கில் ஏறும். நெஸ்ட் என்ற திட்டத்தில் சேர முதலாளிக்குக் கட்டணம் இல்லை.

9. பழைய கட்டடத்தில் ஆட்கள் வேலை செய்வது

ஷாம்பிள்ஸ் போன்ற தெருக்களின் கட்டடங்களில் மரச் சட்டம், குறுகிய படிக்கட்டு, தலை தட்டும் கதவு, மாடியில் சரக்கறை. தீ அபாய மதிப்பீட்டை ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முழுமையாக எழுதி வைக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் ஐந்து பேர் என்ற பழைய வரம்பு போய்விட்டது. அந்த மதிப்பீட்டில் "கதவை மாற்றவும்" என்று வந்தால் உடனே தச்சரைக் கூப்பிடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் கதவு மாற்றவும் நகராட்சி ஒப்புதல் தேவைப்படலாம், ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் ஆகும். குத்தகைக் காகிதத்தில் கையெழுத்திடும் முன்பே மதிப்பீட்டைச் செய்துவிட்டால் பேரம் பேசவும் இடமிருக்கும். எழுத்துப்பூர்வப் பாதுகாப்புக் கொள்கை இன்னும் ஐந்து பேரிலிருந்துதான் கட்டாயம்.

10. நோய் விடுப்பும் ப்ரொபேஷனும்

2026 ஏப்ரல் 6 முதல் நோய்க்கால ஊதியம் முதல் நாளிலிருந்தே தர வேண்டும். முதல் மூன்று நாள் சம்பளமில்லை என்ற பழைய விதி இல்லை. குறைந்தபட்சச் சம்பள வரம்பும் நீங்கிவிட்டது. வாரத்துக்கு 123.25 பவுண்டு அல்லது சராசரிச் சம்பளத்தில் 80 சதவீதம், இதில் எது குறைவோ அது. வாரம் எட்டு மணி நேரம் வரும் 19 வயது மாணவிக்குச் சம்பளம் 86.80 என்றால் நோய்க்கால ஊதியம் 69.44. அரசிடம் திரும்பப் பெற முடியாது. ஏழு நாள் வரை ஊழியரின் சொல்லே போதும், அதற்கு மேல்தான் மருத்துவச் சான்று.

முறையற்ற பணிநீக்கத்துக்கு எதிராக வழக்குப் போட இதுவரை இரண்டு ஆண்டு பணி வேண்டியிருந்தது. 2027 ஜனவரி 1 முதல் ஆறு மாதம் போதும். பழைய ஆறு மாத ப்ரொபேஷன் இனி ஆபத்து. மூன்று மாதம் என்று எழுதி, நான்காவது, எட்டாவது வாரங்களில் உட்கார்ந்து பேசி, பேசியதை இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். பாகுபாடு, கர்ப்பம், சட்ட உரிமையைக் கேட்டதற்காக நீக்கியது போன்ற வழக்குகளுக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் தேவையில்லை, முதல் நாளிலிருந்தே போடலாம். ஒழுங்கு நடவடிக்கையில் ஏக்காஸ் நடைமுறையைப் பின்பற்றாவிட்டால் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் இழப்பீட்டை 25 சதவீதம் வரை கூட்டலாம்.

11. எச்.ஆர். (மனிதவள) உதவியை எப்போது, எப்படி வாங்குவது

முதலில் காசில்லாத இடங்கள். ஏக்காஸ் உதவி எண்ணில் முதலாளிகளும் கேட்கலாம். யார்க் மற்றும் வடக்கு யார்க்ஷயர் குரோத் ஹப் தொழில் ஆலோசகரோடு பேச வழி செய்யும். நான்கைந்து பேர் வரை உள்ள கடைக்கு இவற்றோடு ஒரு பேரோல் சேவையும், ஒப்பந்த மாதிரியை ஒரு முறை படித்துத் திருத்தித் தரும் ஆலோசகரும் போதும் என்பதே எங்கள் கருத்து. பத்துப் பேரைத் தாண்டினால், அல்லது முதல் ஒழுங்கு நடவடிக்கை, முதல் பிரசவ விடுப்பு வரும்போது, ஆளைத் தேடுங்கள்.

எச்.ஆர். ஆலோசகர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், உரிமம் தேவையில்லை. சி.ஐ.பி.டி. என்ற எச்.ஆர். தொழில்முறை அமைப்பில் எந்த நிலை உறுப்பினர், தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு உண்டா, உணவகமோ விடுதியோ பார்த்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். விசா பற்றி ஆலோசனை சொல்வது தனி. அதற்கு அவர் வழக்கறிஞராகவோ குடியேற்ற ஆலோசனைக்கான பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும்.

கட்டணம் இரு வகை: மணிக்கு அல்லது வேலைக்கு இவ்வளவு, மாதம் இவ்வளவு. மாதக் கட்டணத்தில் நாடு முழுதும் விற்கும் பெரிய நிறுவனங்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தை நீட்டுவதுண்டு. கையெழுத்துக்கு முன் இவற்றைத் தேடிப் படியுங்கள்: இடையில் விலக வழி உண்டா, கடைசி நாளுக்கு எத்தனை மாதம் முன்பு எழுதாவிட்டால் தானாகப் புதுப்பிக்கும், ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும், ஆள் குறைந்தால் கட்டணம் குறையுமா. நுகர்வோருக்கு உள்ள 14 நாள் ரத்து உரிமை தொழில் ஒப்பந்தத்துக்குக் கிடையாது. சொன்ன விலையோடு 20 சதவீத வாட் வரியும் சேரும், நீங்கள் வாட் பதிவு செய்யாதவர் என்றால் அது திரும்பி வராது.

"தீர்ப்பாயச் செலவுக்குக் காப்பீடும் உண்டு" என்று சொல்லி விற்பார்கள். பாலிசியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே செய்திருந்தால்தான் பணம் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். ஞாயிறு மாலை கோபத்தில் ஒருவரை "நாளை வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் காப்பீடு அங்கேயே போயிற்று.

வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டு எழுதியது ரகசியம், தீர்ப்பாயத்தில் காட்டத் தேவையில்லை. வழக்கறிஞர் அல்லாத ஆலோசகருக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு அந்தப் பாதுகாப்பு பொதுவாக இல்லை. "இவரை எப்படியாவது வெளியே அனுப்ப வழி சொல்லுங்கள்" என்று எழுதியது எதிர்த்தரப்பின் கைக்குப் போகலாம். அப்படிப்பட்ட விஷயங்களுக்கு வேலைவாய்ப்புச் சட்ட வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுவதே மலிவு.